சும்மா நிற்பவர்கள்: ஏற்றுமேடையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

ஓடுகிற லாரிக்கு வரலாறு உண்டு. சாலை, டீசல் விலை, பெர்மிட், சுங்கச்சாவடி, வேலைநிறுத்தம் என்று அதைப்பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். குடோன் வாசலில் நிற்கிற லாரிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. “சும்மா நிக்குது” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். மூட்டை வரும்வரை சுவரோரம் குந்தியிருக்கிற லோடுமேனும் அப்படித்தான், சும்மா உட்கார்ந்திருப்பவர். இந்தச் ‘சும்மா’வைத்தான் நான் இங்கே கேள்விக்குட்படுத்த விரும்புகிறேன்.

ஏற்றுமேடையைத் திறம்பட நிர்வகிப்பது எப்படி என்பது குறித்து மேலாண்மைத் துறையில் இன்று ஏராளமாக எழுதப்படுகிறது. எத்தனை கதவுகள், எந்த வண்டி எந்த நேரத்தில், எத்தனை நிமிடத்தில் இறக்கி முடிப்பது என்பவையெல்லாம் நியாயமான கேள்விகளே. ஆனால் இவற்றின் அடியில் சொல்லப்படாத ஒரு கேள்வி கிடக்கிறது: சரக்கும் வண்டியும் ஆளும் ஒரே நொடியில் வந்து சேர்வது அபூர்வம், யாரோ ஒருவர் காத்திருந்தே ஆகவேண்டும், அது யார்? ‘திறன்’ என்ற சொல்லாடல் காத்திருத்தலை ஒழிப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. வரலாற்றைப் புரட்டினால் அது பெரும்பாலும் ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றப்பட்டிருப்பதையே பார்க்கிறோம்.

இதில் நம் மொழிக்கும் பங்கு உண்டு. ஆங்கிலேயன் ‘கோடவுன்’ என்றதை நாம் ‘குடோன்’ என்று திரும்ப வாங்கிக்கொண்டோம். அந்தச் சொல் மலாய் மொழியின் ‘குடாங்’ வழியாகப் போனது, அதன் மூலம் தெலுங்கு ‘கிட்டங்கி’யாகவோ தமிழ்க் ‘கிடங்கா’கவோ இருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். பழைய தமிழில் கிடங்கு என்றால் அகழி. உள்ளே இருப்பதைக் காக்க, வெளியே இருப்பவனை நிறுத்திவைக்கிற பள்ளம். ‘கூலி’ என்ற சொல்லின் கதை இன்னும் மோசம். குஜராத்தின் கோலி சமூகத்தின் பெயரிலிருந்து வந்தது என்றும், தமிழ்க் ‘கூலி’யிலிருந்து வந்தது என்றும் இரண்டு கருத்துகள் உண்டு. எது சரியென்றாலும், நம் மொழியில் உழைப்புக்குத் தரும் ஊதியத்தைக் குறித்த சொல், உலகச் சந்தையில் உழைக்கிற மனிதனையே குறிப்பதாக ஆகிப்போனது. மனிதன் மறைந்து ஊதியம் நின்றது.

2

இயந்திரத்துக்கு முந்திய ஏற்றுமேடை ஒன்று நம் சாலையோரங்களில் இன்னும் அங்கங்கே நிற்கிறது: சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். கர்ப்பத்தோடோ பிரசவத்திலோ இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் நட்டுவைப்பது வழக்கம். இறக்கிவைக்க முடியாமல் போன ஒரு சுமைக்காக, ஊரார் சுமையை இறக்கிவைக்க ஒரு கல்.

சடங்காக மட்டும் இதைப் பார்த்துவிட்டுப் போவது போதாது. தலைச்சுமைக்காரனுக்குச் சுமையை இறக்குவதைவிடத் திரும்ப ஏற்றுவதுதான் பெரும்பாடு. தரையில் வைத்துவிட்டால் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். தோளுயரத்தில் ஒரு கல் இருந்தால் யார் தயவும் இல்லாமல் தலையிலிருந்து நகர்த்தி வைக்கலாம், மூச்சு வாங்கலாம், சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி தலையை உள்ளே கொடுத்துக் கிளம்பலாம். இன்றைய குடோன் மேடையின் தத்துவமும் இதுவே. வண்டியின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் இருந்தால் சுமையை உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டாம், நகர்த்தினால் போதும். பொறியியலாக இரண்டும் ஒன்று. ஆனால் சுமைதாங்கி யாருடைய ஓய்வை மையப்படுத்தியது? சுமப்பவனுடைய ஓய்வை. ஏற்றுமேடை மையப்படுத்துவது சரக்கின் ஓட்டத்தை. இந்த இடப்பெயர்ச்சி எப்போது நடந்தது?

3

இதற்கு ஒரு தொடக்கப்புள்ளி சொல்லவேண்டுமென்றால் 1899, அமெரிக்காவின் பெத்லஹேம் இரும்பாலை முற்றம். ஏறக்குறைய 80,000 டன் வார்ப்பிரும்புக் கட்டிகள் திறந்தவெளியில் குவிந்து கிடந்தன. ஸ்பானிய-அமெரிக்கப் போரையொட்டி விலை ஏறியதால் அவற்றை ரயில் பெட்டிகளில் ஏற்றியாக வேண்டும். ஒரு கட்டி 92 பவுண்டு. குனிந்து எடுத்து, சாய்வுப் பலகையில் ஏறி, பெட்டிக்குள் போட்டுவிட்டு இறங்கவேண்டும். ஒரு ஆள் நாளொன்றுக்கு 12½ டன் ஏற்றிக்கொண்டிருந்தார். ஃபிரெடெரிக் டெய்லர் என்ற பொறியாளர், முறையாகச் செய்தால் 47 டன் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டார். ஒரே மனிதன் ஒரே நாளில் 1,100க்கும் மேற்பட்ட கட்டிகளைச் சுமக்கவேண்டும் என்று பொருள். 1911இல் வெளிவந்த ‘விஞ்ஞான மேலாண்மையின் கோட்பாடுகள்’ நூலில், ‘ஷ்மிட்’ என்ற தொழிலாளியை இப்படி வேலைவாங்கிய கதையை அவர் பெருமையோடு சொல்கிறார். ஷ்மிட்டின் உண்மைப் பெயர் ஹென்றி நோல். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி உயர்வு 61 சதம். நாவலாசிரியர் அப்டன் சிங்க்ளேர் அந்த ஆண்டே இந்தக் கணக்கைக் கேள்வி கேட்டார்.

இதெல்லாம் தெரிந்த கதைதான். 1974இல் ஹாரி பிரேவர்மன் இதை விரிவாக ஆராய்ந்தார். அதே ஆண்டு ரெகி, பெரோனி என்ற இரு ஆய்வாளர்கள் மூல ஆவணங்களோடு ஒப்பிட்டு, டெய்லர் சொன்னதில் பெரும்பகுதி புனைவு என்று காட்டினார்கள். நவீன மேலாண்மையின் ஆதிகதையே ஒரு கட்டுக்கதை என்பது சுவையான விஷயம்தான். நான் கவனப்படுத்த விரும்புவது வேறு.

டெய்லரின் கணக்குப்படி, 92 பவுண்டுக் கட்டியைச் சுமக்கும் ஆள் நாளில் 43 சதம் நேரம்தான் சுமையோடு இருக்கமுடியும். மீதி 57 சதம் வெறுங்கையோடு இருந்தாக வேண்டும், இல்லையென்றால் தசை தாங்காது. அதாவது ‘சும்மா’ இருப்பது வேலையின் ஒரு பகுதி என்பதை எண்ணால் சொன்னவரே இந்த மனிதர்தான்! முதலாளித்துவத்தின் கறாரான கணக்குப்பிள்ளையே ஓய்வு இல்லாமல் சுமை இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார். ஆனால் எழுதிய கையோடு அந்த ஓய்வைத் தொழிலாளியிடமிருந்து பறித்தும்விட்டார். எப்போது எடுப்பது, எப்போது நடப்பது, எப்போது உட்காருவது என்பதையெல்லாம் கடிகாரம் வைத்திருப்பவர் சொல்வார். சுமைதாங்கிக் கல்லில் தானாகச் சாய்ந்து மூச்சுவிட்ட உடல், இங்கே உத்தரவுக்கு மூச்சுவிடுகிறது. ஓய்வு இருக்கிறது, அதன் உரிமையாளர் மாறிவிட்டார்.

இடதுசாரி மரபும் இந்த மயக்கத்திலிருந்து தப்பவில்லை. 1914இல் டெய்லர் முறையை, இயந்திரத்துக்கு மனிதனை அடிமையாக்கும் முறை என்று கண்டித்த லெனின், 1918இல் ‘சோவியத் ஆட்சியின் உடனடிப் பணிகள்’ எழுதும்போது அதைக் கற்கவேண்டும், சோதிக்கவேண்டும் என்கிறார். பசியும் உள்நாட்டுப் போரும் சூழ்ந்த நாட்டில் அதற்கான காரணங்கள் இருந்தன. என்றாலும், யாருடைய கையில் கடிகாரம் என்ற கேள்வியை, யாருடைய கையில் அரசு என்ற கேள்விக்குள் நாம் சுலபமாகக் கரைத்துவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கிராம்ஷி சிறையிலிருந்து அமெரிக்கவியம் குறித்து எழுதிய குறிப்புகளில் இந்தச் சங்கடம் தெரிகிறது. உடலைப் பழக்கிவிட்டாலும், பழக்கப்பட்ட உடலுக்குள் யோசிக்க நேரம் கிடைத்துவிடுகிறது என்று அவர் கண்டார்.

4

அடுத்த பாய்ச்சல் மரப்பலகையில் வந்தது. அமெரிக்க ரயில்வே தொடர்பாக 1931இல் பதிவான ஒரு ஒப்பீடு: தனித்தனியாக அடுக்கிய 13,000 டின் உணவுப் பெட்டிகளை இறக்க மூன்று நாள், அதே சரக்கைப் பலகைகளின்மேல் அடுக்கி ஃபோர்க்லிஃப்டால் இறக்க நான்கு மணி நேரம். இரண்டாம் உலகப்போரில் ராணுவம் இந்தப் பலகையை உலகெங்கும் பரப்பியது. பிறகு பெட்டகம். லாரி முதலாளியாக இருந்த மால்கம் மெக்லீன், 1937இல் ஹோபோக்கன் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளோடு நாள் முழுக்கக் காத்துக்கிடந்தபோதுதான் தனக்கு இந்த யோசனை பிறந்தது என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். கதை உண்மையோ பொய்யோ, அது சொல்லப்பட்ட விதம் முக்கியம். காத்திருந்தவர் முதலாளியானால் அந்தக் காத்திருப்பு ‘கண்டுபிடிப்பு’ ஆகிறது. டிரைவர் காத்திருந்தால் அது ‘சும்மா’.

1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல்-எக்ஸ்’ கப்பல் 58 பெட்டகங்களோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆன இடத்தில், இதில் 15.8 சென்ட் என்று கணக்கிட்டார்கள். கப்பல் துறையில் நாள்கணக்கில் கிடப்பது முடிவுக்கு வந்தது. கூடவே துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்த ஒரு சமூகமும்.

இங்கே தொழிற்சங்கம் என்ன செய்தது? அமெரிக்க மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான சங்கம் 1960இல் ஒரு ஒப்பந்தம் போட்டது. இயந்திரம் வரட்டும், அதற்குப் பதிலாக ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வீதம் ஐந்தரை ஆண்டுக்கு நிதி தாருங்கள், இருப்பவர்களுக்கு வேலை உத்தரவாதமும் ஓய்வுக்கால உதவியும் தாருங்கள் என்று. இயந்திரத்தின் லாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு உண்டு என்று எழுத்தில் வாங்கியது பெரிய சாதனை என்பதை மறுக்கமுடியாது. ஆனால் முழு உறுப்பினர்களான ‘ஏ’ பிரிவினருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. கீழே ‘பி’ பிரிவு ஒன்று இருந்தது. வேலை மிஞ்சினால் அவர்களுக்கு, இல்லையென்றால் காத்திருக்கவேண்டும். காத்திருத்தல் சங்கத்துக்குள்ளேயே கைமாறியது. இந்தக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூருக்கு வரும்போது தேவைப்படும்.

5

இங்கே கொஞ்சம் கணக்கு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைபார்த்த எர்லாங் என்பவர் 1909இல் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு, ஏற்றுமேடைக்கும் அப்படியே பொருந்தும். ஒரு மேடை. வண்டிகள் முன்பின்னாக வருகின்றன. ஒரு வண்டியை இறக்கச் சராசரியாக ஒரு மணி நேரம், ஆனால் அதுவும் கூடக்குறைய ஆகிறது. இந்த எளிய மாதிரியில், மேடை பாதி நேரம்தான் வேலையில் இருக்கிறது என்றால் வண்டி சராசரியாக ஒரு மணி நேரம் காத்திருக்கும். மேடையை 80 சதம் நேரம் வேலையில் வைத்தால் காத்திருப்பு 4 மணி. 90 சதம் என்றால் 9 மணி. 95 சதம் என்றால் 19 மணி.

மேடை ‘சும்மா’ இருக்கக்கூடாது என்று குடோன் மேலாளர் முடிவெடுக்கிறபோது, வண்டிகள் ‘சும்மா’ இருக்கவேண்டும் என்றும் சேர்த்தே முடிவெடுக்கிறார். முதல் பாதி அவருடைய கணக்கில் ‘திறன்’ என்று வரவு வைக்கப்படுகிறது. இரண்டாவது பாதி யாருடைய கணக்கிலும் வருவதில்லை, ஏனென்றால் வாசலுக்கு வெளியே நிற்பது அவருடைய லாரி அல்ல. முன்கூட்டியே நேரம் ஒதுக்கி, வருகையை ஒழுங்குபடுத்தினால் வரிசை குறையும் என்பது உண்மை. ஆனால் தாமதமாக வந்த வண்டி தன் முறையை இழக்கிறது. டோக்கன் கொடுத்த நேரத்தில் குடோன் கதவு திறக்காவிட்டால் குடோன் எதை இழக்கிறது?

அமெரிக்காவில் இதற்குக் கணக்கே இருக்கிறது. 1938இன் நியாயத் தொழில் சட்டத்தின் மிகைநேரக் கூலி விதி நெடுந்தொலைவு லாரி டிரைவர்களுக்குப் பொருந்தாது. 1980இல் சரக்குப் போக்குவரத்தின் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட பிறகு, மைல்கணக்கில் கூலி வாங்கும் டிரைவருக்கு நிற்கிற நேரம் வருமானம் இல்லாத நேரமாகவே தங்கிவிட்டது. முதல் இரண்டு மணி நேரம் இலவசம் என்பது அங்கே வழக்கம். 2018இல் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் தணிக்கைப் பிரிவு தந்த அறிக்கை, மேடையில் நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதம் கூடும் என்று மதிப்பிட்டது. டிரைவர்கள் ஆண்டுதோறும் இழக்கும் வருமானம் 110 கோடியிலிருந்து 130 கோடி டாலர்வரை இருக்கலாம் என்றும் சொன்னது. இழந்த நேரத்தைச் சாலையில் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். குடோனின் திறன் நெடுஞ்சாலையில் பிணமாக இறங்குகிறது.

நம் ஊரிலும் 2017இல் ஜிஎஸ்டி வந்து மாநில வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. லாரி வேகமாகக் குடோனுக்கு வந்து சேர்கிறது. வந்து நிற்கிறது. ‘ஹால்டிங்’ காசு கிடைத்தாலும் அது முதலில் லாரி முதலாளியின் பாக்கெட்டுக்குத்தான் போகும். டிரைவருக்கும் கிளீனருக்கும் படி டிரிப்புக்குத்தானே தவிர, நிற்பதற்கு அல்ல.

6

சுமப்பவர்களின் பக்கம் வருவோம். தலைச்சுமைத் தொழிலாளியின் அடிப்படைச் சிக்கல் ‘என் முதலாளி யார்?’ என்பது. வியாபாரி “லாரிக்காரன்கிட்ட கேளு” என்பார். லாரிக்காரர் “சரக்குக்காரன்கிட்ட கேளு” என்பார். இதற்கு இந்தியாவில் கிடைத்த அசலான பதில் 1969இன் மகாராஷ்டிர மதாடிச் சட்டம். அண்ணாசாகேப் பாட்டீல் திரட்டிய சுமைத் தொழிலாளர்களின் போராட்டத்தின் விளைவு. வேலைகொடுப்பவரும் வேலைசெய்பவரும் ஒரு வாரியத்தில் பதிவுசெய்யவேண்டும். கூலியையும் அதன்மேல் ஒரு சதவீதத்தையும் வியாபாரி வாரியத்தில் கட்டவேண்டும். வாரியம் கூலியையும் வைப்புநிதியையும் பணிக்கொடையையும் தரும். முதலாளி யார் என்ற கேள்விக்கு, ‘எல்லோரும் சேர்ந்து’ என்று சட்டம் பதில் சொன்னது. தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1999இல் நலவாரியம் வந்தது. அது உதவித்தொகை தருகிறது. மதாடி வாரியம்போலக் கூலியையே தன் வழியாக வாங்கிக் கொடுப்பதில்லை. உரிமை உதவியாகச் சுருங்கிவிட்டது.

கேரளம் 1978இல் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் இயற்றியது. அங்கேதான் ‘நோக்குக்கூலி’ என்ற சொல் பிறந்தது. இயந்திரமோ வெளியாளோ சரக்கை இறக்கும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் உள்ளூர்த் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலி. பத்திரிகைகளுக்கு இதைவிடக் கிண்டலான பொருள் கிடைக்காது. 2018 மே 1 முதல் அரசு இதை ஒழிப்பதாக அறிவித்தது, சங்கங்களும் ஒப்புக்கொண்டன. வீடு மாறுகிற சாதாரண மனிதனை வழிமறித்துக் காசு பிடுங்கியதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் பிரிட்ஜஸின் ஒப்பந்தமும் அடிப்படையில் ஒரு நோக்குக்கூலிதானே? இயந்திரம் வேலைசெய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கான விலை. நிலம் வாங்கிப்போட்டுக் குடோன் கட்டி வாடகை வாங்குபவரும் நோக்கிக்கொண்டுதான் இருக்கிறார். அதற்கு ‘முதலீட்டின் வருவாய்’ என்று பெயர்.

இப்போது தஞ்சாவூர். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தை அங்கேதான் திறந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 2015 ஜனவரியில் சாந்தகுமார் தலைமையிலான உயர்மட்டக் குழு கழகத்தைப் பற்றி அறிக்கை தந்தது. அதில் ஒரு மூன்று எண்கள். கழகத்தின் நேரடித் துறைத் தொழிலாளி ஒருவருக்கு மாதம் சுமார் 79,500 ரூபாய் செலவாகிறது. நேரடி ஊதிய முறையில் இருப்பவருக்கு 26,000. ஒப்பந்தத் தொழிலாளிக்கு 10,000. மூட்டை ஒன்றுதான். 95, 100 கிலோ மூட்டைகளின் காலம் போய் 50 கிலோவாகிவிட்டது. கொக்கியும் அட்டியும் எல்லோருக்கும் பொதுதான். முதுகெலும்பு மட்டும் மூன்று விலை. கூடவே குழு இன்னொன்றையும் சொன்னது. ஊக்கத்தொகைக் கணக்கில் உச்ச வருமானம் காட்டும் இடங்களில் பினாமி ஆட்கள் சுமக்கிறார்கள் என்று. அதாவது பேர் ஒருவருடையது, தலை இன்னொருவருடையது.

குழுவின் தீர்வு நமக்குத் தெரிந்ததே. ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்ட கிடங்குகளை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கு, அல்லது மாநிலங்களிடமோ தனியாரிடமோ கொடு. 79,500ஐ 10,000 ஆக்கும் வழி. நாம் எதிர்த்தோம், சரிதான். ஆனால் 10,000 வாங்கியவருக்காக எத்தனை பேர் அதே குரலில் பேசினோம்? அமெரிக்கக் கரையின் ‘பி’ பிரிவும் தஞ்சைக் குடோனின் பினாமியும் ஒரே மனிதன்தான். அவனை மேலாண்மை மட்டும் உருவாக்கவில்லை. வாசலைச் சிலருக்கு மட்டும் திறந்துவைத்த நம் சங்க மரபும் உருவாக்கியது. சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளுகிற பெண்கள் இந்த மூன்று எண்களிலும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த வரிசையின் கடைசியில் நிற்பவர் லோடுமேனும் அல்ல, டிரைவரும் அல்ல. குடோன் நிரம்பினால் லாரி நிற்கும். லாரி நின்றால் டெல்டாவின் கொள்முதல் நிலையங்களில் மூட்டை தேங்கும். மூட்டை தேங்கினால் புதிய நெல்லை எடுக்கமாட்டார்கள். விவசாயி குவியல் பக்கத்தில் படுத்துக் கிடப்பார். மழை பெய்யும். நெல்லின் ஈரப்பதம் 17 சதத்தைத் தாண்டினால் வாங்குவதற்கில்லை என்பார்கள். காத்திருந்த நேரம் ஈரமாக மாறி, ஈரம் விலைக்குறைவாக மாறி, அவர் தலையில் இறங்கும். ஏதோ ஒரு குடோன் மேடையின் 95 சதத் திறனுக்கு மன்னார்குடியில் முளைவிட்ட நெல் பதில் சொல்கிறது.

7

ஏற்றுமேடையை நன்றாக நிர்வகிக்கவேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. தலையில் 100 கிலோ சுமப்பதில் எந்தப் புனிதமும் கிடையாது. ஃபோர்க்லிஃப்ட் வரட்டும், மட்டமான மேடை வரட்டும், நேரம் ஒதுக்கும் முறையும் வரட்டும். ஒரு ஆள் சுமக்கும் எடைக்கு வரம்பு கோரும் 1967ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழில் உடன்படிக்கையை ஏற்க இந்தியாவுக்கு 2010 ஆயிற்று என்பதை நினைத்தால், இயந்திரத்தை எதிர்த்து முதுகெலும்பை உயர்த்திப் பேசுவது கொடுமை.

என் கோரிக்கை எளியது. நிற்கிற நேரத்தை எண்ணுங்கள். லாரி வாசலுக்கு வந்த நேரமும் வெளியேறிய நேரமும் பதிவாகட்டும். அந்தப் பதிவு டிரைவர் கையிலும் ஒரு நகலாக இருக்கட்டும். காத்திருப்புக்கான காசு டிரைவருக்கும் லோடுமேனுக்கும் நேராகப் போகட்டும், மதாடி வாரியம் காட்டிய வழியில். கணக்கில் வந்துவிட்டால் காத்திருப்பு செலவாகும், செலவாகிவிட்டால் மேலாளரே அதைக் குறைக்க வழி தேடுவார். டெய்லர் எழுதிய 57 சதத்தை நாம் உரிமைச் சாசனமாகத் திருப்பிப் படிக்கலாம்.

நம் சங்கங்களுக்கும் இது ஒரு சோதனை. யாரெல்லாம் வாசலுக்கு வெளியே நிற்கிறார்களோ அவர்களையும் சேர்த்துப் பேசாத கூலி உயர்வு, இன்னொரு கிடங்கு வெட்டுவதுதான், அந்தச் சொல்லின் பழைய பொருளில்.